கரிசல் மண்ணில் பழைய ஓட்டு வீட்டுப் பக்கத்தில் ஒரு அறை கட்டுவது எப்படி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பழைய வீட்டை ஒட்டி அறை இழுத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும், பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற மூலையைப் பாருங்கள். அநேகமாக அங்கே தரையிலிருந்து மேலே வரை ஒரு விரிசல் ஓடும். எங்கள் வீட்டில் முதல் தடவை கட்டின அறையில் அந்த விரிசலுக்குள் என் சுண்டுவிரல் போகும். மூன்று வருஷம் சிமெண்டை அப்பிப் பார்த்தோம், ஒவ்வொரு கோடைக்கும் திறந்துகொண்டது. கட்டின கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது. பழைய சுவரில் பல் எடுத்து, புதுக் கல்லை அதற்குள் கோர்த்து, கெட்டியாகத்தான் கட்டினார். அந்தக் கோர்வைதான் தப்பு. இடித்துவிட்டு இரண்டாவது தடவை கட்டினபோது படித்த பாடத்தை, இனிமேல் கட்டப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். பழைய வீடு ஐம்பது அறுபது வருஷமாக அந்த ஏற்ற இறக்கத்தோடு பழகி, அதற்கென்று ஒரு இருப்புக்கு வந்துவிட்டது. புது அறை இனிமேல்தான் உட்காரப் போகிறது. ஒன்று அசையும்போது மற்றது அசையாது, இரண்டையும் கட்டிப்போட்டால் நடுவில் பிய்ந்துதான் தீரும். அதனால் ஒட்டிக் கட்டாதீர்கள். நடுவில் மூன்று நாலு அடி நடை விட்டுத் தனியாகக் கட்டுங்கள். அந்த நடைக்கு மேலே தகரமோ ஓடோ போட்டு, அதன் பாரம் முழுக்கப் புதுச் சுவரிலும் அதை ஒட்டின கம்பிக் காலிலும் இருக்கிற மாதிரி, மறுமுனை பழைய ஓட்டுத் தாழ்வாரத்துக்கு அடியில் சும்மா நுழைந்து நிற்கிற மாதிரி விட்டுவிட வேண்டும். பழைய ஓட்டில் வழிகிற தண்ணீர் நடைக்குள் கொட்டாமல் இருக்க ஒரு பிவிசி காடி போதும்.

இதை எங்கள் கொத்தனாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நாலடிய எதுக்குத் தம்பி வீணா விடுதீக? ஒட்டிப் போட்டா ஒரு செவரு மிச்சம்லா." நான் சொன்னேன், "அண்ணாச்சி, போன தடவை மிச்சம் பிடிச்ச செவத்துலதான் விரலு போகுது." அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அந்த நடையில்தான் ஆட்டுக்கல் கிடக்கிறது, விறகு கிடக்கிறது, மத்தியானம் அம்மா காற்றுக்கு அங்கேதான் உட்காருகிறாள்.

நடை விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இதைவிட ஆபத்தானது. பழைய வீட்டு அஸ்திவாரம் பெரும்பாலும் இரண்டடி ஆழம்தான் இருக்கும், மண் சாந்தில் அடுக்கின கல். அதன் பக்கத்திலேயே நீங்கள் ஐந்தடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினால் பழைய சுவரின் அடிமண் சரிந்து குழிக்குள் வந்துவிடும். பழைய அஸ்திவாரத்தைவிட எத்தனை அடி கூடுதலாகத் தோண்டுகிறோமோ குறைந்தது அத்தனை அடி தள்ளித் தோண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமே இல்லை, ஒட்டித்தான் கட்டியாக வேண்டும் என்றால் மொத்தமாகத் தோண்டாமல் நாலடி நாலடியாகத் தோண்டி, அதைக் கட்டி மூடிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பழைய சுவரில் பல் எடுக்காமல், இடையில் ஒரு இஞ்ச் தெர்மாகோல் வைத்துத் தனிச் சுவராக எழுப்புங்கள். அப்படிக் கட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டிவிடுவது நல்லது.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதை மண்ணே சொல்லும், ஆனால் சித்திரை வைகாசியில்தான் சொல்லும். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது மனையில் நாலைந்து வெடிப்புகளில் ஒரு நீளமான 8 மில்லி கம்பியை விட்டுப் பாருங்கள். எங்கள் மனையில் நாலடி வரை தடையில்லாமல் இறங்கியது, அதனால் ஐந்தடி தோண்டினோம். வெடிப்பு போகிற ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கரிசல் ரொம்ப ஆழம் போகிறது, அல்லது மாடி எடுக்கிற எண்ணம் இருக்கிறது என்றால் இந்த முறை பத்தாது. அடியில் குமிழ் மாதிரி அகலம் எடுத்து மண்ணுக்குள் இறக்குகிற காங்கிரீட் தூண், பைல் என்பார்கள், ஒன்று இருக்கிறது, ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக வளர்த்தெடுத்த முறை. அதற்குத் தனி ஆள், தனி மெஷின்.

குழியின் அடியில் ஒரு அடிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். அதன்மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லியில் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையாக ஆறு இஞ்ச் காங்கிரீட், அதன்மேல் கருங்கல் கட்டு. கல் கட்டினதும் இரண்டு பக்கமும் இருக்கிற இடைவெளியைத் தோண்டிப் போட்ட அதே கரிசலால் மூடுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு மூடுவார்கள், ஏனென்றால் மண் பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது. விடாதீர்கள். மணலோ சரளோதான் போட வேண்டும். அறைக்குள் தரைக்கு நிரப்புவதும் அப்படித்தான். கரிசலை உள்ளே போட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் டைல்ஸ் மேலே எழும்பும், கதவு திறக்காது. தோண்டின அன்றைக்கே டிராக்டரை வரச் சொல்லி மண்ணைக் காட்டுக்கு ஏற்றிவிடுங்கள், சபலமே வராது. சரளை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும், மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பொக்குதான்.

கல் கட்டுக்கு மேலே சுற்றிவர பிளிந்த் பீம், அதாவது கம்பி வைத்த காங்கிரீட் பட்டை, கட்டாயம். 12 மில்லி கம்பி நாலு, 8 மில்லி ரிங் ஆறு இஞ்சுக்கு ஒன்று. கதவு ஜன்னல் தலைக்கு மேலே போடுகிற காங்கிரீட் பட்டையான லிண்டலையும் அவற்றுக்கு மட்டும் துண்டு துண்டாகப் போடாமல் நாலு சுவரையும் சுற்றிப் போட்டுவிடுங்கள். மண் அசைந்தாலும் அறை முழுசாகப் பெட்டி மாதிரி அசையும், சுவர் பிளக்காது.

இப்போது ஆட்கள். எங்கள் பக்கம் சித்தாள் கிடைப்பது ஒரு தலைவலி, பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள், மீதிப் பேருக்கு அரசாங்கத்தின் ஊரக வேலை இருக்கிறது. அதனால் ஆளைத் தனித்தனியாகத் தேடாமல், ஊரில் ஒரு கொத்தனாரைப் பிடித்து அவர் செட்டையே வரச் சொல்வதுதான் லேசு: ஒரு கொத்தனார், ஒரு கையாள், ஒரு சித்தாள். என் யோசனை, அஸ்திவாரம் முடிகிற வரைக்கும் நாள் கூலி, பிளிந்த் பீமுக்கு மேலே சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட். தரைக்குக் கீழே கான்ட்ராக்ட் விட்டால் முதலில் அடிபடுவது அந்த இடிக்கிற வேலைதான், மூடின பிறகு யாருக்குத் தெரியும்? மேலே சுவர் கட்டுகிறது கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதில் கான்ட்ராக்ட் விட்டால் வேகமாகவும் முடியும். கான்ட்ராக்ட் பேசும்போது சாரம் யாருடையது, சென்ட்ரிங் பலகை வாடகை யாருடையது, ஒயர் பைப்புக்குச் சுவரில் காடி வெட்டிப் பூசுவது இதில் சேருமா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை எல்லாம் இந்த மூன்றில்தான் வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், அது தவறவே கூடாது. சித்தாள் பணத்தை முடிந்தால் அவர் கையிலேயே கொடுங்கள். பதினோரு மணிக்கு டீயும் வடையும் வீட்டுக்காரர் செலவு, அதில் கணக்குப் பார்க்காதீர்கள். ஊர் அம்மன் கோவில் பொங்கல் எப்போது என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் ஒரு ஆளும் வரமாட்டார்கள், அந்த வாரத்தில் கூரைத் தளம் போடத் தேதி வைத்தால் நீங்கள்தான் முட்டாள். நான் வைத்தேன். வருகிறவர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994-லிருந்து இருக்கிற வாரியம், சாரத்திலிருந்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது கிடைப்பது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். பாதிப் பேர் புதுப்பிக்காமல் வைத்திருப்பார்கள். ஊராட்சியில் அனுமதி வாங்குகிற வேலையையும் வானம் தோண்டுகிறதுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

சாமான் கணக்கு. உள்ளளவு 10-க்கு 12 அறை, பத்தடி உயரம், ஒன்பது இஞ்ச் சுவர், ஒரு கதவு, இரண்டு ஜன்னல் என்றால் செங்கல் 3,500 போல ஆகும், உடைசல் சேர்த்து 3,800 இறக்குங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது, நகத்தால் கீறினால் பள்ளம் விழக் கூடாது. கட்டுகிறதுக்கு முன்னால் கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பைப்பால் மேலாக்கப் பீச்சினது ஊறினது ஆகாது. காய்ந்த கல் சாந்திலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் அந்தச் சாந்து புழுதிதான். ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, நாலரை இஞ்ச் சுவருக்கு நாலு. எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) என்று சொல்லி கிரஷர் தூளைத் தள்ளிவிடுவார்கள். கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி ராத்திரி முழுக்க வையுங்கள், காலையில் மணலுக்கு மேலே மாவு மாதிரி தனிப் படலம் தடிமனாக நின்றால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர்தான் எங்கள் ஊரில் பெரிய விஷயம். போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. அதில் கலவை போட்டால் சுவரில் வெள்ளையாகப் பூக்கும், கம்பி துருப்பிடிக்கும். வாயில் விட்டுப் பாருங்கள், குடிக்க முடிகிற தண்ணீரானால் கலவைக்கு ஆகும், இல்லையென்றால் காங்கிரீட்டுக்காவது நல்ல தண்ணீர் லாரி வாங்குங்கள்.

கூரைத் தளம் போடுகிற நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். சுவர் அகலமும் சேர்த்து ஐந்து இஞ்ச் கனத்துக்கு 65 கன அடி காங்கிரீட், 1:1½:3 கலவையில் சுமார் 15 மூட்டை, சன்ஷேடுக்குத் தனி. ஒரு மூட்டை சிமெண்ட் என்பது ஒன்றேகால் கன அடி. அந்த அளவில் ஒரு பலகைப் பெட்டி அடித்து, உங்கள் சட்டியில் எத்தனை சட்டி அதில் கொள்கிறது என்று முதல் நாளே எண்ணி வைத்துக்கொண்டால் மறுநாள் யாரும் கதை விட முடியாது. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். மிக்ஸர் ஓட்டுகிறவர் கஞ்சி மாதிரி விடத்தான் பார்ப்பார், தள்ளிவிட லேசாக இருக்கும் என்று. அங்கே மட்டும் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பாருங்கள்: அறையின் குட்டைப் பக்கமாகப் போகிற கம்பி அடியில் இருக்க வேண்டும், பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் முக்கால் இஞ்ச் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டை, இருக்க வேண்டும். சின்ன ஜல்லியை வைத்துச் சமாளிப்பார்கள், அது காலில் பட்டதும் உருண்டு போய்விடும்.

மறுநாள் காலையில் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், பதினாலு நாள். இந்த அளவு அறைக்கு ஏழு நாளில் முட்டு எடுக்கலாம் என்பது விதி. கிராமத்துக் கலவைக்கு நான் பதினாலு நாளுக்கு முன்னால் கை வைக்க விடவில்லை.

கடைசியாக, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டுவிடுங்கள். பணம் தீர்ந்துபோன நேரத்தில் வருகிற வேலை என்பதால் எல்லோரும் இதைத்தான் விடுகிறார்கள். இது இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் நேராக அஸ்திவாரத்து ஓரம் இறங்கும், ஐந்தடி தோண்டினதெல்லாம் வீண். பக்கத்தில் வேம்போ புளியோ வைக்காதீர்கள், வேர் ஈரத்தை இழுத்தால் அந்த மூலை மட்டும் தனியாக இறங்கும். வெடிப்பு ஆழத்தை முந்தின கோடையிலேயே பார்த்துவைத்து, வேலையைத் தை முடிந்து ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் இதுவரை வந்துவிடலாம்.

கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவைத்து, கான்ட்ராக்ட் பணத்தில் ஒரு சின்னத் தொகையைக் கார்த்திகை வரைக்கும் நிறுத்திவையுங்கள். முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அவரை வரச் சொல்லி, இரண்டு பேருமாக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் நடைக் காடியில் ஒரு ஒழுக்கும், ஜன்னல் அடியில் ஒரு முடி விரிசலும் இருந்தன. மத்தியானத்துக்குள் சரி பண்ணிவிட்டு, வடையும் டீயும் சாப்பிட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.