ஸ்பார்ட்டகியாட் தபால்தலைகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுத் தபால்தலை சேகரிக்கிற பலர் ஒலிம்பிக்கோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டி வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது, ஸ்பார்ட்டகியாட் என்ற கம்யூனிஸ்ட் தொழிலாளர் விளையாட்டு விழாவுக்கென்று 1935இல் சோவியத் யூனியன் வெளியிட்ட 10 தபால்தலைகள் கொண்ட செட். 1 கோபெக்கில் (ரூபிளின் நூறில் ஒரு பங்கு) தொடங்கி 40 கோபெக் வரை, ஓட்டம், படகு, கால்பந்து, சைக்கிள், டென்னிஸ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டு, 40 கோபெக்கில் வீரர்களின் அணிவகுப்பு. என் கணக்கில் அந்தக் காலத்தின் மிக அழகான விளையாட்டு செட்களில் இது ஒன்று. ஆனால் இதை வாங்கும்போதும் ஆல்பத்தில் விவரம் எழுதும்போதும் திரும்பத் திரும்ப ஒரே தவறுகள்தான் நடக்கின்றன.

பெரிய தவறு, தபால்தலை வந்திருக்கிறது, அப்படியானால் விழாவும் நடந்திருக்கும் என்று நினைப்பது. மாஸ்கோவில் நடப்பதாக இருந்த உலக ஸ்பார்ட்டகியாடுக்காக அச்சடித்த செட் இது, அந்த விழா நடக்கவே இல்லை. ‘1935 மாஸ்கோ போட்டிகளின் நினைவாக’ என்று விற்பனைக் குறிப்பில் பார்த்தால் அதை அப்படியே ஆல்பத்தில் எழுதிவிடாதீர்கள். மாஸ்கோவில் உண்மையிலேயே நடந்த சர்வதேச ஸ்பார்ட்டகியாட் 1928 ஆகஸ்டில். இந்த செட்டை அதனோடு முடிச்சுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தப்பு, நடுவில் ஏழு வருடம் இருக்கிறது.

அடுத்தது, தொழிலாளர் விளையாட்டு என்றால் எல்லாம் ஒரே இயக்கம் என்று எண்ணிக்கொள்வது. அன்று இரண்டு அகிலங்கள், அதாவது பல நாட்டுத் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்புகள், இருந்தன, இரண்டுக்கும் ஆகாது. 1920இல் லூசெர்னில் உருவான சோஷலிஸ்டுகளின் அமைப்பு தொழிலாளர் ஒலிம்பியாட்களை நடத்தியது: 1925இல் ஃபிராங்க்ஃபர்ட், 1931இல் வியன்னா, 1937இல் ஆன்ட்வெர்ப். வியன்னாவின் பிராட்டர் மைதானம் திறக்கப்பட்டதே அந்த 1931 விழாவை ஒட்டித்தான். 1921இல் மாஸ்கோவில் தொடங்கிய சிவப்பு விளையாட்டு அகிலம் கம்யூனிஸ்டுகளுடையது, ஸ்பார்ட்டகியாட் அவர்கள் விழா. ஒரு தரப்பு நடத்தும் போட்டிக்கு இன்னொரு தரப்பின் வீரர்கள் போவதே சிக்கலாக இருந்த காலம் அது, பிற்பாடு பாசிச ஆபத்து முற்றிய பிறகுதான் 1937 ஆன்ட்வெர்ப்பில் சோவியத் வீரர்கள் கலந்துகொண்டார்கள். ஆகவே 1935 செட்டின் கீழே ‘தொழிலாளர் ஒலிம்பிக்’ என்று எழுதினால், இரண்டு தரப்பும் ஏன் பிரிந்து நின்றன என்ற முழுக் கதையும் அழிந்துபோகிறது. கண்காட்சியில் வைக்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், நடுவர்கள் கேட்பார்கள்.

சரி, அந்த ஒலிம்பியாட்களுக்குத் தபால்தலை தேடினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் விளம்பர வில்லைகள்தான். வியன்னாவுக்கும், பெர்லின் ஒலிம்பிக்குக்கு மாற்றாகத் திட்டமிட்ட 1936 பார்சலோனா மக்கள் ஒலிம்பியாடுக்கும் இப்படி வில்லைகள் உண்டு. துளையிட்ட ஓரம், பின்னால் பசை, பார்த்தால் தபால்தலை மாதிரியேதான் இருக்கும், ஆனால் அஞ்சல் துறை வெளியிட்டது இல்லை. நாட்டின் பெயரும் அஞ்சல் கட்டண மதிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே பாதி வேலையை முடித்துவிடும். இதற்காக வில்லைகளை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. பார்சலோனா விழா தொடங்கவிருந்த 1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது, விழா நின்றது, ஓடவும் தாண்டவும் வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கிக் குடியரசுக்காகத் துப்பாக்கி எடுத்தார்கள். அந்த வில்லை ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். வில்லை என்று தெரிந்து, வில்லைக்கான விலையில் வாங்குங்கள், அவ்வளவுதான்.

‘ஸ்பார்ட்டகியாட்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் ஏமாற்றத்தில் முடியும். 1956இல் மாஸ்கோவில் புதிதாகத் திறந்த லூழ்னிகி மைதானத்தில் நடந்தது சோவியத் மக்களின் ஸ்பார்ட்டகியாட், உள்நாட்டு விழா. அதற்கும் தபால்தலைகள் உண்டு. செக்கோஸ்லோவாக்கியா 1955 முதல் நடத்தியவை பெருந்திரள் உடற்பயிற்சி விழாக்கள், அவற்றுக்கும் உண்டு. இவை 1935 செட்டை விட எளிதாகக் கிடைப்பவை, அதனால் மூன்றையும் கலந்து ஒரே கட்டாக விற்கிறார்கள். ஆண்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது காசு விஷயம். அன்றைய சோவியத் அரசு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்றே முத்திரை குத்திய தபால்தலைகளை விற்றது, அவை கடிதத்தில் ஒட்டப்பட்டதே இல்லை. மூலையில் சுத்தமாக ஒரு கால்வட்ட முத்திரை, பின்னால் பசை அப்படியே இருக்கிறது என்றால் அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கலாம், ஆனால் ‘தபாலில் போய் வந்தது’ என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். முத்திரை இல்லாத செட்டின் விலை இதைவிடப் பல மடங்கு. அங்கேதான் பழைய பசையைக் கழுவிவிட்டுப் புதுப் பசை பூசும் வேலை நடக்கிறது. துளைகளின் பல் நுனியில் பசை வழிந்து விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு செட் வரும்.

அப்புறம், குறைந்த மதிப்புத் தபால்தலைகள் நாலைந்தை மலிவாக வாங்கிவிட்டு மிச்சத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தேடுவது கஷ்டம் என்பதோடு, கடைசியில் கிடைப்பவற்றின் நிறமும் நிலையும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது.

வீட்டுக்கு வந்த பிறகு, பழைய ஹின்ஜ் (ஆல்பத்தில் ஒட்டப் பின்னால் வைக்கும் சிறு பசைத்தாள்) ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தாள் மெலிந்து கிழியும், ஹின்ஜ் தடத்தை விட அது மோசமான குறை. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் பசை தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆல்பங்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், பிவிசி உறைகளைத் தவிருங்கள், சிலிகா ஜெல் பொட்டலங்களை மழைக்காலம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.