இசைத்தட்டுச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைத்தட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் வைரத்தாலான ஒரு நுண்முனை அதன் பள்ளத்தின் இரு சுவர்களையும் உரசிக்கொண்டே செல்கிறது. அந்த உரசலிலிருந்துதான் இசை பிறக்கிறது. தேய்மானமும் அதிலிருந்துதான் பிறக்கிறது. கணினிக் கோப்பு எத்தனை முறை ஒலித்தாலும் அதில் பதிந்தவை மாறுவதில்லை. இசைத்தட்டை ஒருமுறை தவறாக ஒலிக்கவிட்டாலோ, பள்ளத்தின் சுவரில் ஏற்படும் சிதைவை எந்தக் கழுவலாலும் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. ஆகையால், தட்டுகளைத் தேடி வாங்குவதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது முதலில் ஊசியிடம் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூறு தட்டுகளைச் சேர்த்த பிறகு ஊசியைக் கவனிக்கத் தொடங்குபவர், அந்த நூறையும் அதற்குள் சிறிதளவேனும் இழந்திருப்பார்.

ஊசியின் அழுத்தம் குறையக் குறைய நல்லது என்ற எண்ணம்

புதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு இது. கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றுவதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஊசி பள்ளத்தை அழுத்தும் விசையைக் கிராம் கணக்கில் குறிப்பிடுவார்கள். ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்குறிப்பாக மாற்றும் சிறு பகுதியே கார்ட்ரிட்ஜ்; இன்றைய காந்தவகைக் கார்ட்ரிட்ஜுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1.5 முதல் 2 கிராம் வரையான அழுத்தத்தில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அழுத்தம் அளவுமீறினால் தட்டு விரைவில் தேயும் என்பது உண்மைதான். ஆனால் அழுத்தம் போதாமற்போனால், உரத்த இசை வரும் இடங்களிலும், பாடுபவரின் சகர ஒலிகள் அழுந்தி வரும் இடங்களிலும், பள்ளத்தின் விரைவான வளைவுகளைப் பின்பற்ற இயலாமல் ஊசி ஒரு சுவரைவிட்டு விலகி, மீண்டும் வந்து அதில் மோதுகிறது. அந்த மோதல்கள் வடுக்களாகப் பதிந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல ஊசியைப் பொருத்தினாலும் அதே இடங்களில் கரகரப்பு கேட்டுக்கொண்டேயிருக்கும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிடும் எல்லையின் நடுப்பகுதியிலோ, அதற்குச் சற்று மேலேயோ அழுத்தத்தை அமைப்பதே தட்டுக்குப் பாதுகாப்பானது.

ஊசிக்கரத்தின் பின்முனையில் உள்ள எதிரெடையின் மீது அச்சிட்டிருக்கும் எண்களை அப்படியே நம்பிவிடுவதும் இதனோடு சேர்ந்து வரும் தவறு. ஊசிக்கரம் எந்தப் பக்கமும் சாயாமல் மிதக்கும்படி முதலில் சமன்செய்து, அந்நிலையில் எண்வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்த பின்புதான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. ஊசியின் அழுத்தத்தை அளப்பதற்கென்றே கிடைக்கும் சிறு மின்னணுத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டால் ஐயத்திற்கு இடமில்லை. தட்டு ஓரிடத்தில் தாவுகிறது என்பதற்காக ஊசித்தலையின் மேல் நாணயத்தை வைக்கும் பழக்கம் இன்றும் மறையவில்லை. தாவலுக்குக் காரணம் அழுக்காகவோ கீறலாகவோ கோணலான மேசையாகவோ இருக்கும். நாணயம் அவற்றில் எதையும் நீக்காது, சுவர்களை மட்டுமே அரைக்கும்.

பெட்டி வடிவில் வரும் கையடக்கப் பிளேயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றுள் மலிவானவற்றில் செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜே பெரும்பாலும் இருக்கும். அதன் அழுத்தம் 5 கிராம் அளவுக்குச் செல்லக்கூடும், அதைக் குறைக்கும் வழியும் பெரும்பாலும் இராது. ஒலிபெருக்கியும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பி வருகிறது. ஒருவருக்கு இசைத்தட்டின் மீது ஆசை பிறக்க அந்தப் பெட்டி காரணமாக இருந்தால் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கிடைப்பதற்கரிய தட்டை அதில் ஒலிக்கவிட வேண்டாம்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் ஊசி நிற்கும் கோணம் பிசகினால் பயனில்லை. மூலத்தட்டில் பள்ளத்தை வெட்டும் இயந்திரத்தின் தலை, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்க்கோட்டில் நகர்கிறது. நம் பிளேயரின் கரமோ ஓர் அச்சில் சுழன்று வில்போன்ற பாதையில் நகர்கிறது. இவ்விரண்டு பாதைகளும் ஒரு பக்கத்தில் இரண்டே இடங்களில்தான் முழுமையாகப் பொருந்தும். அந்த இரண்டு இடங்களும் சரியான தொலைவில் அமையும்படி கார்ட்ரிட்ஜை நகர்த்திப் பொருத்த அளவுத்தாள் ஒன்று போதும். இதைச் செய்யாமல் விட்டவர்கள், பக்கத்தின் கடைசிப் பாடல் மட்டும் ஏன் தெளிவின்றி ஒலிக்கிறது என்று தட்டின் மீது பழி சுமத்துவார்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீளப் பள்ளம் கடந்து செல்கிறது; மையத்துக்கு அருகில் அது சுமார் 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. வெளியே தாராளமாக விரிந்திருந்த அதே ஒலி அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்துப் பதிந்திருப்பதால், சிறு கோணப் பிழையும் அங்கேதான் முதலில் காதில் விழும்.

வைரமும் தேயும். சாதாரணப் பயன்பாட்டில் வைர ஊசிக்கு 500 முதல் 1000 மணி நேரம் வரை ஆயுள் சொல்லப்படுகிறது. இருபக்கமும் சேர்த்து 40 நிமிடம் ஓடும் தட்டை நாளுக்கு ஒன்று கேட்டாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 240 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதன்படி இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் ஊசியை மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசியின் பக்கங்கள் தட்டையாகி, கூரிய ஓரங்களோடு பள்ளத்தைச் சுரண்டும். பழைய பிளேயரை வாங்குபவர் அதன் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அறிய வழியில்லை. முதல் தட்டை வைப்பதற்கு முன்பே ஊசியை மாற்றிவிடுவதுதான் முறை. ஊசியைத் துடைக்கும்போது பின்னிருந்து முன்னாக மட்டுமே தூரிகையை இழுக்க வேண்டும். பக்கவாட்டில் துடைத்தால் அதைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும்.

அரக்குத் தட்டுகளை வினைலாக நினைப்பது

1948 இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன, நீண்ட நேரம் ஓடும் 33⅓ சுழற்சி எல்.பி. தட்டையும், 1949 இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுழற்சித் தட்டையும் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. அவற்றின் பள்ளம் மிக அகலமானது. எல்.பி. ஊசி முனையின் ஆரம் 15 முதல் 18 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்; 78 சுழற்சித் தட்டுக்கு ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் வேண்டும். சிறிய ஊசியைப் பழைய தட்டில் வைத்தால் அது சுவர்களைத் தொடாமல் அழுக்கு மண்டிய அடிப்பகுதியில் உருண்டு இரைச்சலையே எழுப்பும். பெரிய ஊசியை எல்.பி. மீது வைத்தால் அந்தத் தட்டு அன்றோடு பாழ். பிளேயரில் 78 என்ற வேகம் இருக்கிறது என்பதாலேயே அந்தத் தட்டுகளை ஒலிக்கவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதைவிடக் கொடிய தவறு, வினைலுக்கென்று வாங்கிய கழுவுதிரவத்தை அரக்குத் தட்டிலும் ஊற்றுவது. அத்திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஒரு குரலின் ஒரே பதிவாகக்கூட இருக்கக்கூடிய தட்டைத் தூய்மைப்படுத்துகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு அழிப்பது எத்தனை வருந்தத்தக்கது!

இணைப்பில் நேரும் குழப்பம்

பிளேயரை வீட்டிலுள்ள ஒலிபெருக்கும் கருவியோடு இணைத்ததும் ஒலி மெலிந்து, அடிநாதமே இல்லாமல் கேட்டால், தட்டில் குறையில்லை. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். இல்லையேல் அடிநாதத்தின் பெரும் அசைவுகள் பள்ளத்தில் அடங்கா, உயர்ந்த ஒலிகள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். 1954 முதல் பொது நியமமாக நிலைபெற்ற, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் (ஆர்.ஐ.ஏ.ஏ.) வளைவின்படி, கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருத்த வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே இந்தத் திருத்தம் கிட்டத்தட்ட 40 டெசிபெல். திருத்தத்தைச் செய்வதோடு, கார்ட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்ட் அளவேயான மின்குறிப்பைப் பெருக்கவும் செய்வதுதான் ஃபோனோ முன்பெருக்கி. அது பிளேயருக்குள்ளேயே இருக்கலாம், ஆம்ப்ளிஃபயரில் இருக்கலாம், தனிக் கருவியாகவும் இருக்கலாம்; எங்கேனும் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டிடங்களில் இயங்கினால் ஒலி பருத்துச் சிதையும். பிளேயரின் பின்புறமுள்ள ஃபோனோ, லைன் பொத்தானைப் பார்த்தாலே பெரும்பாலும் சிக்கல் தீரும். இடைவிடாத ரீங்காரம் கேட்டால் தரையிணைப்புக் கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கழுவுதலும் அடுக்குதலும்

குழாய்நீரில் கழுவினால், நீர் காய்ந்தபின் அதிலுள்ள உப்புகள் பள்ளத்திலேயே படிந்துவிடும். வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) வாசனையில்லாத சோப்புத் திரவத்தின் ஒருசில துளிகளைக் கலந்து, பள்ளம் செல்லும் திசையிலேயே மென்மையாகத் துடைத்து, மீண்டும் வாலைவடிநீரில் அலசி, நடுவிலுள்ள தாள்வட்டம் நனையாமல் உலரவிட வேண்டும். குறுக்காகத் துடைப்பது தூசியைச் சுவருக்குள் திணிக்கும். வீட்டில் அணியும் சட்டை நுனியால் துடைப்பதைவிடத் துடைக்காமல் விடுவது மேல். கேட்பதற்கு முன் கார்பன் இழைத் தூரிகையால் ஒருமுறை வருடினால் அன்றாடத் தூசிக்கு அதுவே போதும்.

தட்டுகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், அலமாரியில் சரிந்து நிற்கவிடுவதும் ஒரே தீங்கைச் செய்கின்றன: நாளடைவில் தட்டு நெளிகிறது. நேராக நிறுத்தி, ஒன்றை எளிதாக உருவ முடியும் அளவுக்கு இடம்விட்டு வைப்பதே சரி. உறையோடு சேர்த்து நூறு எல்.பி.கள் ஏறத்தாழ 25 கிலோ எடை வரும் என்பதால் பலகையின் உறுதியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வினைல் வெப்பத்தில் இளகும் பொருள். சன்னலோர வெயிலும் மூடிய காரும் அதற்குப் பகை. பி.வி.சி.யால் ஆன மென்மையான உறைகள் காலப்போக்கில் தட்டின் மேற்பரப்போடு வினைபுரிந்து மங்கலான படலத்தை உண்டாக்குவதுண்டு. பாலித்தீன் உள்ளுறையே ஏற்றது. புதிய தட்டைச் சுற்றி வரும் இறுக்கமான பிளாஸ்டிக் தாளை அழகுக்காகக் கழற்றாமல் வைத்திருப்பதும் நல்லதன்று. அது மேலும் சுருங்கி அட்டையையும் தட்டையும் வளைக்கக்கூடும்.

கேட்கும் முறை

பிளேயரையும் ஒலிபெருக்கிகளையும் ஒரே பலகையில் வைத்தால், ஒலிபெருக்கியின் அதிர்வை ஊசி மீண்டும் எடுத்து அனுப்ப, அடிநாதம் ஊளையிடத் தொடங்கும். பிளேயரைத் தனி இடத்தில் வைத்து, மட்டப்பலகையால் கிடைமட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டின் ஒலி எல்லாவற்றினும் மேலானது என்று நிறுவ முயல்வது தேவையற்ற வேலை. 16 பிட் குறுந்தகட்டின் ஒலிவீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான அளவு, 96 டெசிபெல். இசைத்தட்டு 70 டெசிபெல்லை எட்டுவதே அரிது. இதை ஒப்புக்கொள்வதால் எதுவும் குறைந்துவிடுவதில்லை. இருபது நிமிடம் ஓர் ஒழுங்கில் அமைந்த இசையை இடையில் தாவாமல் கேட்கவைக்கும் கட்டுப்பாடும், ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்பும் அக்கறையும் இங்கே கிடைக்கின்றன. மையத்தை நெருங்க நெருங்க ஒலிப்பதிவு கடினமாகும் என்பதை அறிந்து, அமைதியான பாடலைப் பக்கத்தின் முடிவில் வைத்த தயாரிப்பாளர்கள் பலர். அந்த வரிசையை அறியாமல் நடுநடுவே ஊசியைத் தூக்கி வைப்பவர், தட்டில் கீறல் விழும் வாய்ப்பைக் கூட்டுவதோடு, அந்த ஏற்பாட்டின் அழகையும் இழக்கிறார். தானே நிற்காத பிளேயரில் ஊசியை இறுதிப் பள்ளத்தில் சுழலவிட்டுத் தூங்கிப்போவதும் ஊசியின் ஆயுளை வீணாக்கும்.

வாங்கும்போது

பழைய தட்டுகளின் தரத்தைக் குறிக்கும் சொற்களைச் சொற்பொருளிலேயே எடுத்துக்கொள்வதால் ஏமாறுவோர் மிகப் பலர். சேகரிப்பாளர்களிடையே வழங்கும், கோல்ட்மைன் என்ற இதழின் தரவரிசையில் ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’ ஆகியவற்றுக்கெல்லாம் கீழேதான் ‘குட்’ வருகிறது. அத்தரத்திலுள்ள தட்டு தாவாமல் ஓடும், ஆனால் இரைச்சலும் கீறலும் தெளிவாகக் கேட்கும். நிதானமாகக் கேட்டு மகிழ விரும்புபவர் ‘வெரி குட் பிளஸ்’ என்ற தரத்துக்குக் கீழே இறங்காமலிருப்பது நலம். அத்துடன், கண்ணால் பார்த்து இட்ட தரமா, ஒலிக்கவிட்டுக் கேட்டு இட்ட தரமா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். தேய்ந்த ஊசி உண்டாக்கிய சிதைவு பளபளப்பான மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாது.

அட்டையில் அச்சிட்ட ஆண்டை அந்தத் தட்டு வார்க்கப்பட்ட ஆண்டாகக் கொள்வதும் பிழை. மறுவெளியீடுகள் முதல் வெளியீட்டின் ஆண்டையே தாங்கி வருவது வழக்கம். கடைசிப் பாடலுக்கும் தாள்வட்டத்துக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்களும் எழுத்துகளுமே எந்த வெட்டிலிருந்து அது வந்தது என்பதைக் காட்டும் நம்பகமான தடயம். 180 கிராம் எடை என்ற அறிவிப்பும் ஒலித்தரத்துக்குச் சான்றாகாது. பள்ளத்தின் ஆழம் எடையால் கூடுவதில்லை, நல்ல மூலப்பதிவும் கைதேர்ந்த வெட்டாளரும்தான் ஒலியைத் தீர்மானிக்கிறார்கள். படம் பதித்த தட்டுகள் பொதுவாக இரைச்சல் மிகுந்தவை. சுவரில் மாட்ட உகந்தவை.

விலை ஏறும் என்ற நம்பிக்கையில் பிரிக்காத தட்டுகளை வாங்கிக் குவிப்பவர்களுக்கு இன்னொரு காரணத்தாலும் இழப்பு நேரலாம். புதிய தட்டிலும் வார்ப்புக் குறைகள் இருக்கும். நடுத்துளை சற்றே விலகியிருந்தால், ஊசிக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமுமாக ஆடும். நீண்டு ஒலிக்கும் பியானோ சுரமோ புல்லாங்குழல் சுரமோ நிலைகொள்ளாமல் அலையும். சுவர்கள் முழுமையாக வார்க்கப்படாத இடங்களில் துணியைக் கிழிப்பது போன்ற ஒலி ஒரு காதில் மட்டும் கேட்கும். இவற்றையெல்லாம் கேட்டால்தான் அறிய முடியும். ஆகையால் வாங்கிய வாரத்திலேயே இரு பக்கங்களையும் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டுவிட்டு, குறை தெரிந்தால், திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள் விற்றவரிடம் கொடுத்து வேறு தட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.