பகைக் குடும்பக் காதல் குறுநாவலைச் செப்பனிடுவது எப்படி

முதல் வரைவை முடித்ததும், வேறு எதையும் திருத்தும் முன், ஒரு சோதனை. இரண்டு பிரபுக் குடும்பங்களுக்கும் ஏன் பகை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘தாத்தா காலத்தில் நடந்த ஓர் அவமானம்’, ‘பரம்பரை விரோதம்’ என்ற அளவில் வாக்கியம் நின்றால் சிக்கல் அங்கேதான். காதல் காட்சிகளை எவ்வளவு மெருகேற்றினாலும் அந்தக் கதை நிற்காது. இந்த வகைக் குறுநாவல்களில் பெரும்பாலானவை தள்ளாடுவதற்குக் காரணம் மொழியோ காதலோ அல்ல. பகை வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி இன்னும் கறாரானது: இந்தக் கல்யாணம் நடந்தால் யார் கையிலிருந்து என்ன போகும்? கோட்டையா, நிலமா, பதவியா? விடை கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருளாக இருக்க வேண்டும். ‘மானம் போகும்’ என்பது போதாது. பிரபு வம்சங்களில் மானமும் பெரும்பாலும் நிலத்தின் மேல்தான் நின்றது.

பகைக்குப் பொருள் தேடுவது

இங்கிலாந்தின் வடபகுதியில் பெர்சி, நெவில் என்று இரண்டு பெரிய வம்சங்கள். 1453 ஆகஸ்ட் 24 அன்று, யார்க் நகரத்தருகே ஹெவொர்த் என்ற இடத்தில், நெவில் குடும்பத்தின் கல்யாணக் கூட்டம் ஊர் திரும்பும்போது பெர்சி ஆட்கள் வழிமறித்தார்கள். மணமகள் மாட் ஸ்டான்ஹோப், ரால்ஃப் கிராம்வெல் பிரபுவின் சகோதரி மகள், அவருடைய வாரிசுகளில் ஒருத்தி. கிராம்வெல் கையில் இருந்த ரெசில் என்ற பண்ணை முன்பு பெர்சிகளுடையது. கலகம் செய்ததால் அவர்கள் இழந்தது. இந்த மணத்தால் அது நெவில்கள் பக்கம் போய்விடும். வழிமறித்தவர்களின் கோபம் ஒரு சொத்தின் மீது, அந்தச் சொத்து கைமாறுவது ஒரு பெண் வழியாக. இப்படி ஒரு முடிச்சு கிடைத்துவிட்டால் காதலர்கள் சந்திக்கும் ஒவ்வொரு காட்சியிலும் பகை தானாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

இதன் மறுபக்கம் ஃபிளாரன்ஸில். 1216 வாக்கில் ஒரு விருந்தில் புவொண்டெல்மொண்டே என்ற இளைஞன் ஒருவரைக் கத்தியால் காயப்படுத்துகிறான். சமாதானத்துக்காக அமிதேயி குடும்பத்துப் பெண்ணை அவனுக்கு நிச்சயிக்கிறார்கள். அவன் அதை முறித்து தொனாத்தி வீட்டுப் பெண்ணை எடுக்கிறான். ஈஸ்டர் காலையில் பொண்டே வெக்கியோ பாலத்தருகே கொல்லப்படுகிறான். நகரத்தின் குவெல்ஃப், கிபெல்லின் கட்சிப் பிளவு இதிலிருந்துதான் தொடங்கியது என்று பின்னாளில் வரலாறு எழுதியவர்கள் சொன்னார்கள். இங்கே கல்யாணம் என்பது சமாதான ஒப்பந்தம், அதை முறிப்பது போர். காதலுக்காக ஒப்பந்தத்தை உடைப்பவன் நாயகனா, குற்றவாளியா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே ஒரு குறுநாவல் எழுதலாம்.

உங்கள் கதைக்கு ஒரு பொருளைத் தேர்ந்ததும், இரு குடும்பத்தின் வாதத்தையும் நீதிபதி முன் சொல்வதுபோலத் தனித்தனியாக 150 சொற்களில் எழுதுங்கள். கதையில் சேர்க்க அல்ல, உங்களுக்காக. ஒரு பக்கத்து வாதம் படிக்கும்போதே நொண்டினால், நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது பகைக் கதை அல்ல. ஒரு வில்லன் கதை. இரு வாதமும் நியாயமாகத் தோன்றும்வரை திருத்துங்கள். உதாரணமாக: ஆற்றங்கரை மாவு ஆலை இன்று நாயகியின் மாமா கையில். அவர் அரசரிடம் பணம் கட்டி வாங்கினார், பத்திரம் இருக்கிறது. நாயகனின் அப்பா தோற்ற பக்கத்தில் போரிட்டதால் அதைப் பறிகொடுத்தவர், பிறகு மன்னிப்புப் பெற்றவர், அவரிடமும் பத்திரம் இருக்கிறது. இரண்டும் செல்லும். வம்பு இப்படித்தான் தலைமுறை தாண்டும்.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான பிசகு: எல்லாப் பழியையும் ஒரு கெட்ட ஒன்றுவிட்ட அண்ணன் தலையில் கட்டி, கடைசியில் அவனைக் கொன்றுவிடுவது. அவன் செத்ததும் பகை தீர்ந்துவிட்டால், பகை ஒருபோதும் இருக்கவில்லை என்று அர்த்தம். அப்படி ஒருவன் உங்கள் வரைவில் இருந்தால் அவனை எடுத்துவிட்டு, அவன் செய்த வேலைகளில் பாதியை நாயகியின் அன்பான அப்பாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். கதை உடனே கனக்கும்.

கல்யாணச் சட்டம்: கதையின் எலும்பு

காலத்தையும் இடத்தையும் முடிவு செய்யாமல் ரகசியக் கல்யாணக் காட்சியைத் தொடாதீர்கள். மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலத் திருச்சபைச் சட்டப்படி, இருவரும் ‘இப்போதே உன்னை ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டாலே மணம் செல்லுபடியாகும். பாதிரியாரோ சாட்சியோ இல்லாதது தவறு, தண்டனைக்குரியது; ஆனால் மணம் மணம்தான். பிரச்சினை நிரூபிப்பதில். ஒருவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது? குறுநாவலுக்கு இதைவிட நல்ல கத்தி முனை கிடையாது.

1469-இல் நார்ஃபோக்கில் மார்ஜரி பாஸ்டன் தன் குடும்பத்தின் காரியஸ்தர் ரிச்சர்ட் கால் என்பவரை இப்படி மணந்தார். பிரபு அல்ல, நிலவுடைமைக் குடும்பம்தான். விஷயம் நாரிச் பிஷப்பிடம் போனது. அவர் இருவரையும் தனித்தனியாக விசாரித்து, சொன்ன சொற்கள் என்னவென்று கேட்டார். அந்தச் சொற்கள் போதாதென்றால் இங்கேயே இன்னும் உறுதியாக்குகிறேன் என்றார் மார்ஜரி. மணம் நின்றது, அம்மா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அந்தக் குடும்பத்துக் கடிதங்கள் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. கோபத்தில் ஒரு தாய் எப்படி எழுதினாள் என்று பார்க்க அவற்றைவிட நல்ல இடமில்லை.

கத்தோலிக்க நாடுகளில் 1563-இல் டிரெண்ட் திருச்சபைச் சங்கத் தீர்மானம் இந்த வழியை அடைத்தது: பங்குப் பாதிரியாரும் இரண்டு மூன்று சாட்சிகளும் கட்டாயம். இங்கிலாந்து அதற்குள் போப்பிடமிருந்து பிரிந்துவிட்டதால் அங்கே அது பொருந்தவில்லை. 1753-இன் திருமணச் சட்டம் 1754 மார்ச்சில் நடைமுறைக்கு வரும்வரை பழைய வழி ஏதோ ஒரு வகையில் திறந்தே இருந்தது. அதன்பின் தேவாலயத்தில் முன்னறிவிப்போ உரிமமோ வேண்டும். உரிமம் வாங்கும் மணமக்களில் 21 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் இல்லை, அதனால்தான் காதலர்கள் எல்லைக்கு அப்பால் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். 1600-இல் நடக்கும் கதையில் நாயகி கிரெட்னாவுக்கு ஓடினால், ஓட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

உறவு முறையும் குறுக்கே வரும். 1215-இன் லாட்டரன் சங்கத்துக்குப்பின் நான்கு தலைமுறைக்குள் பொது மூதாதையர் இருந்தால் மணம் கூடாது. அண்டை அயல் பிரபுக்கள் ஏற்கெனவே சம்பந்திகள் ஆகையால், பகைக் குடும்பங்களே பெரும்பாலும் தூரத்து உறவு. போப்பிடம் விலக்கு வாங்க ரோமுக்கு ஆள் போய்த் திரும்ப மாதக்கணக்காகும். அந்தக் காத்திருப்பைக் கதையின் நடுப்பகுதியாக்கலாம். விலக்கு இல்லாமல் செய்த மணத்தைப் பிற்பாடு ஒரு குடும்பம் ரத்து செய்ய முயல்வதும் நல்ல திருப்பம்.

நாயகியின் நிலை

‘தன் காலத்தை மீறிச் சிந்திக்கும் பெண்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு இன்றைய பேச்சைப் பேசவைப்பது சோம்பல். சட்டம் அவளுக்கு என்ன கொடுத்தது என்று பார்த்தால் போதிய ஆயுதம் கிடைக்கும். ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மகன்கள் இல்லாத வீட்டில் மகள்கள் சமமாகப் பங்கு பெற்றார்கள். மூத்தவளுக்கு மட்டும் என்பதல்ல. விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள்வரை. 1215-இன் மாக்னா கார்ட்டா விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது, ஆனால் மேல்பிரபுவின் அனுமதியின்றி மணக்கமாட்டேன் என்று அவள் பிணை தர வேண்டும். ஆகவே உங்கள் நாயகியை 22, 24 வயது விதவையாக்கிப் பாருங்கள். கையில் நிலம், பேச உரிமை, மணந்தால் அபராதம். மூன்றும் ஒரே ஆளிடம் வந்துவிடும். அப்பா இறந்த இளம் வாரிசு என்றால் வேறு கதை: அவளை யாருக்கு மணமுடிப்பது என்ற உரிமையே மேல்பிரபுவிடமோ அரசரிடமோ போகும், அதை விலைக்கும் விற்பார்கள்.

நாயகன் அவளைக் கடத்திக்கொண்டுபோய்ப் பின் காதல் மலர்வது என்ற வழியைத் தவிருங்கள். ரசனை ஒரு காரணம். வரலாறு இன்னொன்று: சொத்துள்ள பெண்களைக் கடத்தி மணப்பது அப்போது நிலம் பிடிக்கும் உத்தி, 1487-இல் இங்கிலாந்து அதைப் பெருங்குற்றமாக்கும் அளவுக்கு. விவரம் தெரிந்த வாசகர் உங்கள் நாயகனை நிலத்திருடனாகத்தான் பார்ப்பார்.

சொற்களைப் பங்கிடுவது

ஆங்கிலப் புனைவுலகில் 17,500 முதல் 40,000 சொற்கள்வரை குறுநாவல் என்று நெபுலா விருது விதி வைத்திருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே கதைக்குக் குறைவான சொற்களே போதும். 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் 2,500-க்குள் சண்டைக்குரிய பொருள், நாயகியின் நிலை, இருவரின் முதல் நேருக்குநேர் சந்திப்பு மூன்றும் வந்துவிட வேண்டும். முன்கதைக்கு இதில் 300 சொற்களுக்கு மேல் தராதீர்கள்; வம்ச வரலாறு மூன்று பக்கம் ஓடும் முதல் அத்தியாயத்தை யாரும் தாண்டுவதில்லை. 10,000 அருகே, சரியாக நடுவில், திரும்ப முடியாத செயல்: வாக்குக் கொடுத்தல் அல்லது முறித்தல். அதை முக்கால் பங்குக்குத் தள்ளினால் விளைவுகளுக்கு இடமிருக்காது. கடைசி 4,000 தீர்வுக்கு. பெயருள்ள பாத்திரங்கள் ஒன்பதுக்குள். முதலெழுத்து ஒத்துப்போகும் பெயர்கள் வேண்டாம். நிஜ வம்சங்களில் எல்லாரும் ஹென்றி, எல்லாரும் தாமஸ் என்பது உண்மைதான், அந்த உண்மையை வாசகர்மேல் ஏவ வேண்டியதில்லை.

பிறகு எண்ணிப் பாருங்கள்: காதலர்கள் இருவரும் ஒரே இடத்தில் இருக்கும் காட்சிகள் மொத்தத்தில் பாதிக்காவது வருகின்றனவா? பிரிந்து ஏங்குவதிலேயே கதை போனால் காதல் செவிவழிச் செய்தியாகிவிடும். சந்திப்புகளிலும் கண் பேசியது, நெஞ்சு துடித்தது என்பதோடு நிற்காமல் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். எல்லைக் கல்லைச் சேர்ந்து அளப்பது, காயம்பட்ட குத்தகைக்காரனை இருவருமாகத் தூக்குவது, பத்திரத்தின் முத்திரை போலியா என்று பார்ப்பது. எதிரி வீட்டு ஆள் கணக்கில் நேர்மையானவன் என்று அவள் கண்டுபிடிக்கும் நொடி, எந்த வர்ணனையைவிடவும் காதலை நம்பவைக்கும்.

சில்லறைப் பிழைகள்

குதிரையில் சாதாரணப் பயணம் நாளுக்கு 50 கிலோமீட்டர் அளவு. இரவெல்லாம் நாலுகால் பாய்ச்சல் என்பது நடக்காது, சில கிலோமீட்டரில் குதிரை ஓய்ந்துவிடும். ஊர்களுக்கு இடையே தூரம் போட்ட ஒரு வரைபடம் வரைந்து, கடிதம் எந்த நாள் கிளம்பி எந்த நாள் சேர்ந்தது என்று பக்கத்தில் குறித்துவிட்டால் கதைக்குள் தேதி இடறாது. கடிதத்துக்கு உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு முத்திரை. இங்கிலாந்தில் டியூக் பட்டம் 1337-இல்தான் வந்தது, வைகவுன்ட் 1440-இல். 1400-இல் ஒரு வைகவுன்ட் நடமாடக்கூடாது. 15-ஆம் நூற்றாண்டு விருந்தில் உருளைக்கிழங்கும் தேநீரும் வேண்டாம். வெள்ளை மணவுடை பரவலானது 1840-இல் விக்டோரியா அணிந்தபிறகு.

மொழியில் ஒரே ஒரு எச்சரிக்கை. ‘தேவி, தங்கள் திருவுளம்’ என்று தொடங்கி அடுத்த வரியில் ‘சரி, பார்க்கலாம்’ என்று இறங்காதீர்கள். கொஞ்சம் விறைப்பான எளிய தமிழ் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். காதலர்கள் ‘நீங்கள்’ என்றே பேசட்டும்; ‘நீ’ முதன்முதலாக எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை நீங்கள் முடிவு செய்து வையுங்கள். தற்செயலாக அது மூன்றாம் பக்கத்திலேயே விழுந்திருக்கும், பாருங்கள்.

முடிவு

கடைசி அத்தியாயத்தில் மரணப்படுக்கையில் தாத்தா மனம் மாறி இரண்டு கைகளைச் சேர்த்துவைக்கிறார் என்றால் அதை வெட்டுங்கள். 1458 மார்ச் 25 அன்று இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி லண்டனில், லங்காஸ்டர், யார்க் என்று இரு பக்கமாகப் பிரிந்து நின்ற பகைவர்களைக் கைகோத்துப் புனித பவுல் பேராலயத்துக்கு ஊர்வலமாக நடக்கவைத்தார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடும் எழுதப்பட்டது. மறுவருடம் செப்டம்பரில் போர். 1486 ஜனவரி 18 அன்று லங்காஸ்டர் பக்கத்து ஏழாம் ஹென்றி யார்க் வம்சத்து எலிசபெத்தை மணந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஜூனிலும் ஸ்டோக்கில் சண்டை நடந்தது. கல்யாணத்தோடு பகை முற்றும் அணைவதில்லை.

ஆகவே கடைசி 4,000 சொற்களில் மூன்று பேரங்களைக் காட்டுங்கள்: ஆலை யாருக்கு, செத்தவர்களுக்கு என்ன ஈடு, பிறக்கும் பிள்ளைக்கு எந்த நிலம். மூன்றிலும் இரு குடும்பமும் எதையாவது இழக்க வேண்டும். கையெழுத்திட மறுக்கும் ஓர் ஆளையாவது மிச்சம் வையுங்கள், அவருக்கு நியாயமான காரணத்தோடு.