இன்ஜின் சாகும் முன் ஒரு வார்த்தை: விமானச் சண்டை கேமில் எச்சரிக்கை வைப்பது எப்படி?

அக்கா மகன் லீவுக்கு மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்தான். டிசிஎஸ் வேர்ல்டு என்ற கம்ப்யூட்டர் விமானச் சண்டை கேமில் இலவசமாகக் கிடைக்கும் டிஎஃப்-51டி (TF-51D) என்ற மஸ்டாங் விமானத்தில் ஏறி, த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மூக்கை நேராக வானத்துக்குத் தூக்கினான். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் போயே போச்சு. "மாமா, ஒரு வார்த்தகூட சொல்லாம நின்னு போச்சு, பாத்தியளா?"

நியாயமான கேள்விதான். கீரிப்பாறை ஏற்றத்தில் பைக்கை முறுக்கினால் முழங்காலில் சூடு அடிக்கும், வாடை வரும். மீட்டரே பார்க்க வேண்டாம். நிஜ விமானிக்கும் உடம்பு இப்படிச் சேதி சொல்லும். நாற்காலியில் இருக்கும் நமக்குக் கண்ணும் காதும் மட்டும்தான். அதனால் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத் திரையில் எழுதிக் காட்டுவது ஏமாற்று இல்லை. தூரத்துப் புள்ளிக்கு மேலே எதிரியின் பெயரும் தொலைவும் மிதக்கிறதே, அதுதான் ஏமாற்று.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஆப்ஷன்ஸில் கேம்ப்ளே பக்கம் போய் லேபிள்ஸ் (மிதக்கும் பெயர்கள்), இம்மார்ட்டல் (சாகாவரம்), அன்லிமிடெட் ஃப்யூயல் (தீராத எரிபொருள்) மூன்றையும் அணையுங்கள். டூல் டிப்ஸ் (சுவிட்சின் பெயரைச் சொல்லும் குறிப்பு) இருக்கட்டும்.

அடுத்து ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்: மேனிஃபோல்டு பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 46 இன்ச், 2,700 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) என்றால் நேரக் கணக்கு கிடையாது. 61 இன்ச், 3,000 ஆர்பிஎம் என்றால் 15 நிமிடம். 67 இன்ச் என்றால் 5 நிமிடம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 100–110 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். 121 சிவப்புக் கோடு. மேலே ஏறும்போது வேகம் மணிக்கு 170 மைல். அதைவிட ரொம்பக் குறைந்தால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. மருமகன் மாட்டியது இங்கேதான்.

வேகம் குறைவதுதான் வினை என்பதால், அதற்கே எச்சரிக்கை வைப்போம். இப்போது மிஷன் எடிட்டர், அதாவது கேமுக்குள் நாமே பயணத்தை அமைக்கும் இடம். விமானத்தை வைத்துவிட்டு ட்ரிகர்ஸை ('இது நடந்தால் அதைச் செய்' என்னும் விதிகள்) திறந்து, வகையில் 'ஸ்விட்ச்டு கண்டிஷன்' எடுங்கள். நிபந்தனை பொருந்தும் ஒவ்வொரு தடவையும் இது சொல்லும். 'ஒன்ஸ்' எடுத்தால் ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். நிபந்தனை: உங்கள் விமானத்தின் வேகம் மணிக்கு 130 மைலுக்குக் (சுமார் 210 கி.மீ.) கீழே. செயல்: 'மெசேஜ் டு ஆல்' (திரையில் செய்தி காட்டுவது).

இதோடு நிறுத்தி நான் அசடு வழிந்தேன். ஓடுபாதையில் சும்மா நிற்கும்போதே எச்சரிக்கை வந்துவிட்டது! அதனால் தரையிலிருந்து 1,000 அடிக்கு மேலே என்று இரண்டாவது நிபந்தனையும் சேருங்கள். இறங்கும்போதும் தொல்லை இருக்காது.

செய்தியில் என்ன எழுதுவது? 'வேகம் குறைவு, மூக்கை இறக்கு' என்று எழுதாதீர்கள். அது பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்திருப்பது மாதிரி. 'ஸ்டிக் தொளதொளக்குது, காற்றுச் சத்தம் அடங்குது' என்று எழுதுங்கள். என்ன செய்வது என்று ஓட்டுபவர் யோசிக்கட்டும்.

ட்ரிகர் பார்க்கும் வேகமும் காக்பிட் முள் காட்டும் வேகமும் உயரம் கூடக் கூட விலகும். காற்றும் கணக்கைக் கெடுக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக் ஓட்டியவருக்கு விளக்க வேண்டியதில்லை. எனவே மிஷனில் காற்றைப் பூஜ்யமாக வைத்து, 5,000 அடிக்குள் சோதியுங்கள். வேண்டுமென்றே மூக்கைத் தூக்கிப் பாருங்கள். விமானம் குலுங்கிச் சரிந்த பிறகுதான் செய்தி வருகிறதென்றால், 130-ஐ 140 ஆக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள்.