கம்பம் வேறு, மரம் வேறு: மரமேறும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஹேவர்ட் என்னும் சிற்றூரில் 1960 முதல் நடந்துவரும் மரவெட்டிகள் உலகப் போட்டியில், 60 அடி, 90 அடி உயரக் கம்பங்களில் வீரர்கள் காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல் ஏறி, உச்சியைத் தொட்டு, விழுவதுபோல் இறங்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் மரவேலைக்கு வருகிற நம் பிள்ளைகள் பலர் அந்தக் காட்சிகளைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் அந்தக் கம்பம் கிளையற்றது, பழுதில்லை என்று பார்த்துப் போட்டிக்கென்றே நட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவே நிற்கும் மாமரத்திற்கு அந்த வசதிகளில் ஒன்றும் கிடையாது. இந்தத் தொழிலில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, கம்பத்திற்கு உரிய பழக்கத்தை மரத்தின்மேல் ஏற்றியதால் வந்தவை.

முதல் தவறு, கிளை கழிக்க மட்டுமே வேண்டிய மரத்தில் முள் கட்டி ஏறுவது. ஸ்பைக் என்று நாம் சொல்லும் அந்த முள், வெட்டிச் சாய்க்கப் போகிற மரத்திற்கும் பட்ட மரத்திற்கும் உரியது. கிளை கழித்து மரத்தைக் காப்பாற்றத்தான் வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார் என்றால், ஒவ்வொரு காலடியிலும் பட்டையைத் துளைத்து உள்ளே காயம் வைப்பது அந்த வேலைக்கே நேர்மாறானது. மரம் நம் தோலைப்போல் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவரெழுப்பி அதை ஒதுக்கி வைக்கிறது என்பதை அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துக் காட்டினார். ஆகவே இன்று போட்ட துளை, வெளியே மூடிக்கொண்டாலும், மரம் உள்ளவரை உள்ளே இருக்கும்.

பனை, தென்னை வகைகளில் நிலைமை இன்னும் மோசம். ஆண்டுக்கு ஆண்டு புதிய வளையம் சேர்த்துப் பருக்கும் படலம் அவற்றின் தண்டில் இல்லாததால், முள் குத்திய துளை வெளிப்புறத்திலும் மூடாது. நம் ஊர்ப் பனையேறிகள் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மரத்தில் ஒரு கீறலும் விழாமல் நாள்தோறும் ஏறி இறங்கினார்கள் என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

பனையில் உயிரையே வாங்கும் தவறும் ஒன்று உண்டு. தோட்டங்களில் வளர்க்கும் வாஷிங்டோனியா பனையில் காய்ந்த மட்டைகள் உதிராமல், தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். அதன் அடியில் நின்று கீழ்மட்டைகளை ஒவ்வொன்றாக அறுப்பவர், மேலேயுள்ள பாரத்தைத் தாங்கி நிற்பதையே அறுக்கிறார். முழுப் பாவாடையும் ஒரே நேரத்தில் வழுக்கி அவர்மேல் இறங்கி, இடுப்புக்கயிறு தண்டோடு பிடித்திருக்க, மார்பை அழுத்தி மூச்சை நிறுத்திவிடும். பல நாடுகளில் ஏறுபவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். தூக்கிமேடை வண்டியைக் கொண்டுவந்து மேலிருந்து கீழாகக் கழிப்பதே சரி. வண்டி நுழைய வழியில்லாத கொல்லையானால் வேலையை மறுத்துவிடுவதில் வெட்கமில்லை.

சாய்க்க வேண்டிய மரத்தில் முள் கட்டலாம். அங்கும் கால் வைக்கும் முறை பிசகக்கூடாது. பயத்தில் மரத்தைக் கட்டிக்கொண்டு முழங்காலைப் பட்டையோடு ஒட்டினால், முள்ளின் கோணம் மாறிக் கால் பிடுங்கிக்கொண்டு சறுக்கும். முழங்கால் விலகியிருக்க வேண்டும், அடி சிறிதாக இருக்க வேண்டும். நீலகிரித் தைலமரத்தின் பட்டை நார்நாராக உரிந்து தொங்கும் பருவத்தில், கம்பத்திற்கான குட்டை முள் பட்டையோடு நின்றுவிடும், மரத்தில் இறங்காது. மரத்திற்கென்று நீளமான முள் தனியாக உண்டு.

கயிற்றைப் பற்றிச் சொல்ல என் சொந்த அனுபவமே போதும். டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் ஒரு சிரிங்கா மரத்தில், அதாவது நம் மலைவேம்பில், ஏறிக் கிளை அறுத்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்கயிறு ஒன்றுதான் என்னைப் பிடித்திருந்தது. மேலிருந்து வரும் ஏறுகயிற்றை, "இரண்டு வெட்டுதானே" என்று அவிழ்த்திருந்தேன். கீழே நின்ற தம்பி "அண்ணே, கயிறு! கயிறு!" என்று கத்தியபோது குனிந்து பார்த்தேன். செயின்சாவின், அதாவது சங்கிலி வாளின், பல் இடுப்புக்கயிற்றின் மேலுறையைக் கிழித்து, உள்ளே வெள்ளை இழைகள் பஞ்சுபோல் பிதுங்கி நின்றன. மரத்தின்மேல் செயின்சாவை இயக்கும்போது இரண்டு தனித்தனிப் பிடிப்புகள் வேண்டும், செயின்சாவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்ற விதிகளை அன்றிலிருந்து நான் மீறியதில்லை. உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக்கயிறு எளிதில் அறுபடாது என்பது உண்மை. ஆனால் மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதே எஃகு மின்சாரத்தை உடம்புக்குக் கொண்டுவரும். மின்சாரத்திற்குப் பச்சைக் கிளையும் நனைந்த கயிறும்கூட வழிதான். ஆதலால் கம்பியை ஒட்டிய கிளை என்றால் மின்துறைக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் ஏறக்கூடாது. மரப்பொந்தில் தேன்கூடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செயின்சாவின் அதிர்வுக்கு இந்த நாட்டுத் தேனீ பொறுமை காட்டாது.

வெட்டில் நேரும் தவறுகள் பொதுவாகத் தெரிந்தவை. கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து அறுப்பது, கிளையின் அடிக்கட்டையை நீட்டிவிடுவது, உச்சியை மட்டமாக வெட்டி மரத்தை மொட்டையடிப்பது ஆகிய மூன்றும் மரத்தை அழுக வைக்கும். தண்டிலிருந்து சற்றுத் தள்ளி முதலில் அடியில் ஒரு வெட்டு, அதற்கு அப்பால் மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியில் கிளை தண்டோடு சேருமிடத்துப் புடைப்பைத் தொடாமல் ஒரு வெட்டு: பட்டை உரியாமல் கிளை வரும். வெட்டிய விறகைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2017இல் இந்த நாட்டின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கண்டறியப்பட்ட மிகச் சிறிய துளைவண்டு, தன்னோடு ஒரு பூஞ்சையைச் சுமந்து, வெண்ணெய்ப்பழ மரம் உட்படப் பல மரங்களைத் தாக்குகிறது. அது இருக்கும் மரத்தை அறுத்து பிராய் என்னும் இறைச்சி சுடும் அடுப்புக்கென்று வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பினால் வண்டும் கூடவே போகும்.

போட்டியைப் பார்த்துத்தான் கற்க வேண்டுமென்றால், 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய மரமேறுவோர் போட்டியைப் பார்க்கலாம். அதில் வேகத்தோடு, எறிகயிறு வீசுவது, மரத்தில் வேலைசெய்து நகர்வது, மேலே சிக்கியவரைப் பத்திரமாக இறக்குவது ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நம்மிடையே யாரும் பழகிப் பார்க்காதது இந்தக் கடைசித் திறமைதான். ஹார்னஸ் என்னும் உடல்வாரில் அசைவின்றித் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்கிவிடும்; சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். ஆதலால் ஏறத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாமல், அவருக்கென்று இரண்டாவது ஏறுகயிறும் ஹார்னஸும் அடிமரத்தில் தயாராக இல்லாமல், வேலையைத் தொடங்குவதே தவறு. வேலை செய்யும் தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கீழே நிற்பவரின் சட்டைப்பையில் வைத்துவிட வேண்டும். பதற்றத்தில் 10177ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்பவருக்கு அது நினைவில் வராது.