மென்பொருளை விட்டு வேறு துறையில் மேலாளராவது எப்படி?

மூத்த மென்பொருள் பொறியாளராக இருப்பவர் மருத்துவமனை, தொழிற்சாலை, சரக்குப் போக்குவரத்து போன்ற துறைகளில் மேலாளராகப் போவது நடக்காத காரியமல்ல. சிக்கல் என்னவென்றால், துறையும் மாறுகிறது, செய்யும் வேலையும் மாறுகிறது. இரண்டையும் ஒரே தாவலில் கடக்க முயலாதீர்கள்.

படி 1: இருக்கும் இடத்திலேயே ஆட்களை நடத்திப் பாருங்கள்

புதிதாகச் சேர்ந்தவருக்கு வழிகாட்டுங்கள், ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருங்கள். இவை எளிது. வேலையில் பின்தங்கும் ஒருவரிடம் முகத்துக்கு நேரே, மரியாதை குறையாமல் அதைச் சொல்லிப் பாருங்கள். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால், வேலையை விடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: பழகிய துறையைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் எழுதிய மென்பொருளை யார் பயன்படுத்தினார்கள்? கிடங்குக்கு எழுதியவருக்குக் கிடங்கின் தலைவலிகள் பாதி தெரிந்திருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 3: லாப நட்டக் கணக்கைப் படிக்கப் பழகுங்கள்

பொறியாளர்கள் பெரும்பாலும் தள்ளிப்போடுவது இதைத்தான். ஒரு தொழிற்சாலையின் விற்பனை 100 என்று வையுங்கள். மூலப்பொருளுக்கு 60, சம்பளத்துக்கு 25, வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 10 போனால் மிச்சம் 5. வீணாகும் மூலப்பொருளைக் குறைத்து 60ஐ 58 ஆக்கினால் லாபம் 7. செலவில் 2 குறைந்ததற்கு லாபம் 40 சதவீதம் கூடிவிட்டது. இந்தக் கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கியபின், மேலதிகாரிகள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்பது தானாகவே விளங்கும். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டாக வேண்டும்.

படி 4: தெரிந்ததைக் கையோடு கொண்டுபோங்கள்

சர்வரில் கோரிக்கைகள் வரிசையில் தேங்குவதைப் பார்த்துப் பழகியவர் நீங்கள். வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிரூபித்த விதி அங்கு மட்டும் பொருந்துவதல்ல: உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தைச் சராசரியாகத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. வாகனப் பழுதுபார்ப்புக் கூடத்தில் 40 வண்டிகள் நிற்கின்றன. நாளொன்றுக்கு 8 வருகின்றன, 8 வெளியேறுகின்றன. அப்படியானால் ஒரு வண்டி சராசரியாக 5 நாள் அங்கே கிடக்கிறது. 3 நாளில் தர வேண்டுமென்றால், அதே வேகத்தில், 24 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. உதிரிபாகம் வராத வண்டியை உள்ளே எடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடலாம். கூடுதல் ஆள் தேவைப்படாமலும் போகலாம்.

ஆனால் வெள்ளைப் பலகையில் இதை எழுதிக் காட்டி வகுப்பெடுக்காதீர்கள். டொயோட்டாவின் தைச்சி ஓனோ மேலாளர்களை உற்பத்திக் கூடத்துக்கே போய் நின்று பார்க்கச் சொன்னவர். நீங்களும் முதலில் நின்று பாருங்கள். அந்த வண்டிகள் ஏன் நிற்கின்றன என்பது மெக்கானிக்குக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

படி 5: சுயவிவரத்தைத் திருத்தி எழுதுங்கள்

முன்பு: "கட்டணச் சேவையை மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்தேன்."

பின்பு: "ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தி, தோல்வியடையும் கட்டணங்களைப் பாதியாகக் குறைத்தேன்."

எண்கள் உண்மையானவையாக இருக்கட்டும். நேர்காணலில் துருவித் துருவிக் கேட்பார்கள். சான்றிதழ் வாங்கலாமா என்றால், பிஎம்பி (திட்ட மேலாண்மைச் சான்றிதழ்) போன்றவை விண்ணப்பத்துக்குக் கொஞ்சம் கனம் சேர்க்கும். திட்டங்களை நடத்திய அனுபவம் இருந்தால்தான் அந்தத் தேர்வையே எழுத முடியும் என்பதால், முதல் படியைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

படி 6: பதவிப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆட்களை எடுப்பதும் நீக்குவதும் யார் முடிவு? எவ்வளவு செலவுவரை நானே ஒப்புதல் தரலாம்? எந்த எண் குறைந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள்? மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், அவர்கள் தேடுவது கணினி பழுதுபார்க்கத் தெரிந்த ஓர் ஆளைத்தான்.