கிருஷ்ணகிரியிலிருந்து கடற்கரைக்குப் பூவும் பறவையும் பார்க்கப் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையின் கரையிலும் ஓசூர் ஏரிகளிலும் பறவை பார்த்துப் பழகியவர்கள், அதே தென்பெண்ணை கடலில் கலக்கும் கடலூருக்கோ, அதற்குத் தெற்கே உள்ள பிச்சாவரம், கோடியக்கரைக்கோ செல்லும்போது, ஊரில் கைகொடுத்த பழக்கங்களையே அங்கும் கடைப்பிடிக்கிறார்கள். அங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, நேரம். ஏரிக்கரையில் விடியற்காலைக்கு நிகரில்லை என்பது உண்மையே. ஆனால் கிழக்குக் கடற்கரையில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே இருக்கும். ஆலா, கடற்காகம் போன்ற கடற்பறவைகள் வெறும் கறுப்பு உருவங்களாகத் தெரியுமே தவிர, அலகின் நிறமோ காலின் நிறமோ பிடிபடாது. ஆகவே காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி உப்பங்கழிகளையும் சேற்றுத்திட்டுகளையும் பார்த்துவிட்டு, கடலை மாலை வெயிலுக்கு விட்டுவைப்பதே நல்லது. ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதன், நேரத்தையும் உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் வற்றும்போது உள்ளான் போன்ற கரைப்பறவைகள் சேற்றுவெளியெங்கும் இரை தேடிச் சிதறிவிடும். ஏறும்போது மேட்டுத்திட்டுகளில் நெருங்கி ஒதுங்கும்.

அடுத்தது, பெயரைப் பார்த்துப் பறவையைத் தேடுவது. பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும்போது அதன் தலை வெள்ளையாகவே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே மிஞ்சியிருக்கும். உப்புக்கொத்திகள் எனும் சிறு கரைப்பறவைகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அணைக்கரையில் நாம் காணும் பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும், மார்பின் குறுக்கே முழுப் பட்டையும் உண்டு. கடற்கரையில் ஓடும் கெண்டிஷ் உப்புக்கொத்திக்கு அந்தப் பட்டை நடுவில் அறுந்து, மார்பின் இரு பக்கங்களிலும் திட்டாக நிற்கும், கால்களும் கருமையானவை.

பூக்களிலும் இதே கதைதான். நெய்தல் நிலத்துக்குரியதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் அடும்பை, ஏரியோரம் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பேரினம், பூவும் ஏறத்தாழ ஒரே சாயல் என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காட்டாமணக்கு நிமிர்ந்து வளரும் புதர். அடும்போ மணலில் படரும் கொடி, இலை நுனி ஆட்டுக்குளம்பைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்பதால் இதைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இலையைக் கிள்ளி முகர்ந்து செடியை அறியும் வழக்கத்தைச் சதுப்புநிலக் காட்டில் அறவே விட்டுவிட வேண்டும். பிச்சாவரத்தில் வளரும் தில்லை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே தற்காலிகமாகப் பறித்துவிடக் கூடும்.

கூடுகள் விஷயத்தில்தான் தவறு பறவைக்குக் கேடாக முடிகிறது. நம் ஊர் ஆள்காட்டி, முட்டையை நெருங்கினால் கத்தித் தீர்த்துவிடும். கெண்டிஷ் உப்புக்கொத்தியோ ஓசையின்றி நழுவி ஓடும். முட்டைகள் மணல்நிறத்தில், வெறும் மணற்குழியில் கிடப்பதால் கால் வைக்கும்வரை தெரியாது. கோடையில் ஒரு சிறு பறவை சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினால், அது கூட்டிலிருந்து நம் கவனத்தைத் திருப்பும் நடிப்பு என்று உணர்ந்து, அதைப் படமெடுக்கத் துரத்தாமல் அங்கேயே நின்று, தரையைப் பார்த்தபடி வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.